வாசலும் வாக்குறுதியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கணினி ஒன்று இயங்குவதற்குப் பின்னால் பல்லாயிரம் பேரின் உழைப்பு மறைந்திருக்கிறது. அவர்களுள் ஊதியம் கருதாமல் உழைப்போரும் உளர். ஒருவரையொருவர் நேரில் காணாமலே கூடிப் பணியாற்றுவோரும் உளர். அத்தகையோர் உருவாக்கிய இயங்குதளம் ஒன்று, புதிய கணினிகளின் வாசலிலேயே தடைபட்டு நின்றது. வாசலைத் திறக்க வேண்டுமெனில், உலகிற்கு அளித்த வாக்குறுதியின் சொற்களைத் திருத்த வேண்டும். சொற்களைத் திருத்தாமல் காக்க வேண்டுமெனில், நம்பி வந்தோரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இவ்விக்கட்டினை அவர்கள் எதிர்கொண்ட முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அச்சுப்பொறி எழுப்பிய வினா

1980ஆம் ஆண்டையொட்டிய காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்துசேர்ந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. அச்சுப்பொறி ஓரிடத்தில் இருக்க, அச்சிட ஆணையிட்டவர்கள் வேறிடத்தில் அமர்ந்து பணியாற்றினர். தாள் சிக்கியதை அறியாமல் அவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

அவ்வாய்வகத்தில் பணியாற்றிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், முன்பிருந்த அச்சுப்பொறிக்கு இக்குறையை ஓரளவு நீக்கியிருந்தார். தாள் சிக்கியவுடன், காத்திருப்போரின் திரையில் செய்தி தோன்றுமாறு அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதிய அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆயின், அதனை இயக்கும் மென்பொருளின் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்தவரை நேரில் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என உறுதியளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

கருவி கையில் இருக்கிறது. குறை கண்முன் தெரிகிறது. அதனை நீக்கும் ஆற்றலும் இருக்கிறது. எனினும், கருவியை இயக்கும் நிரல் மூடிவைக்கப்பட்டிருப்பதால் ஒன்றும் செய்ய இயலவில்லை. பொருளை வாங்கியவர் அதன் முழு உரிமையாளர் ஆகிறாரா என்னும் வினாவை அந்த அச்சுப்பொறி எழுப்பியது. 1983ஆம் ஆண்டு ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985ஆம் ஆண்டு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. மென்பொருளை விரும்பியவாறு பயன்படுத்துதல், அதன் மூல நிரலைக் கற்றுத் திருத்துதல், பிறருக்குப் படியெடுத்து வழங்குதல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் இலக்கணமாயின.

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதள உட்கருவைப் பற்றிய அறிவிப்பை வெளியிட்டார். தம்மிடம் ஒரேவகை வன்தட்டு மட்டுமே இருப்பதால், வேறுவகை வன்தட்டுகளுக்கு அஃது ஒருபோதும் இடந்தராமல் போகலாம் என்று அவ்வறிவிப்பிலேயே குறிப்பிட்டார். தனியொருவரின் மேசையில் இருந்த கருவிகளே அன்று லினக்சின் எல்லையாக இருந்தன. அவ்வெல்லை பின்னர் விரிந்து, கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை பரவியது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய நிரலை எவரோ ஒருவர் எழுதிச் சேர்த்ததே அவ்விரிவிற்குக் காரணமாகும்.

இயக்கி என்னும் மொழிபெயர்ப்பாளர்

கணினியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிமொழி உடையவை. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு அட்டை புரிந்துகொள்ளும் கட்டளையை மற்றொரு நிறுவனத்தின் அட்டை புரிந்துகொள்ளாது. ‘இத்தரவை அனுப்புக’ என்று இயங்குதளம் பொதுவாக இடும் ஆணையைக் குறிப்பிட்ட வன்பொருளின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலே இயக்கி எனப்படுகிறது. இயக்கி இல்லாத வன்பொருள், கணினிக்குள் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

எந்த வன்பொருளுக்கு எந்த இயக்கி என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது? பிசிஐ, யுஎஸ்பி ஆகிய இணைப்புமுறைகளைச் சேர்ந்த கருவிகள் ஒவ்வொன்றும் இரண்டு எண்களைத் தாங்கியுள்ளன. ஒன்று தயாரிப்பாளரைக் குறிக்கும் எண். மற்றொன்று அக்கருவியைக் குறிக்கும் எண். ஒவ்வோர் இயக்கியும் தனக்கு உரிய கருவிகளின் எண்களைப் பட்டியலாக வைத்திருக்கிறது. கணினி தொடங்கும்போது உட்கரு இவ்வெண்களைப் படித்து, பட்டியல்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் இயக்கியை ஏற்றுகிறது.

இயக்கியோடு நிலைபொருள் என்னும் மற்றொன்றும் தேவைப்படுகிறது. வைஃபை அட்டை, ஒலிச்சில்லு, வரைகலை அட்டை முதலியவற்றுள் பெரும்பாலானவை தமக்குள்ளேயே சிறிய செயலி ஒன்றைக் கொண்டவை. அச்செயலியில் ஓடும் நிரலே நிலைபொருள் ஆகும். முற்காலக் கருவிகள் பலவற்றில் இந்நிரல் கருவிக்குள்ளேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில், செலவைக் குறைக்கவும் பிழைகளை எளிதில் திருத்தவும் கருதிய நிறுவனங்கள், அதனைத் தனிக் கோப்பாக வெளியே வைத்தன. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயக்கி அக்கோப்பை எடுத்துக் கருவிக்குள் ஏற்ற வேண்டும். கோப்பு கிடைக்காவிடில், இயக்கி இருந்தும் கருவி இயங்காது.

ஆதரவு சேரும் வழி

திறந்த மூல இயங்குதளம் ஒன்று தம் கருவியை அறியவில்லை எனக் காணும் பயனர், குறைகூறி நிற்பதோடு அமைய வேண்டியதில்லை. ஆதரவைச் சேர்ப்பதற்கு முறையான வழி ஒன்று உண்டு.

முதற்படி, கருவியின் எண்களையும் கணினி தொடங்கும்போது உட்கரு எழுதும் குறிப்புகளையும் திரட்டுவதாகும். ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்னும் முறையீட்டால் பயன் விளைவதில்லை. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டத்தில் தடை என்பவை தெளிவாக இருந்தால்தான் தொலைவில் இருக்கும் நிரலாளர் குறையை உணர முடியும். இரண்டாம்படி, அவற்றை முறைப்படி பதிவுசெய்தல். பதிவு எண் பெற்ற முறையீட்டை எவரும் படிக்கலாம்; அதே கருவியை வைத்திருக்கும் மற்றொருவர் தம் பட்டறிவையும் சேர்க்கலாம்.

சில வேளைகளில் தீர்வு மிக எளிது. பழைய இயக்கியே புதிய கருவிக்கும் பொருந்துமெனில், அதன் பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்த்தாலே போதும். ஆனால், ஒற்றை வரித் திருத்தமும் உரியோரின் ஆய்வுக்கு உட்பட்டே ஏற்கப்படுகிறது. லினக்சு உட்கருவின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் உண்டு. அவர் திருத்தத்தைப் படிக்கிறார், வினா எழுப்புகிறார், குறை கண்டால் திருப்பி அனுப்புகிறார். திருத்தத்தை அனுப்புவோர், அதனை வழங்கும் உரிமை தமக்கு உண்டு எனத் தம் பெயரிட்டு உறுதிகூற வேண்டும். ஏற்கப்பட்ட திருத்தங்கள், ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் புதிய பதிப்பில் இடம்பெறுகின்றன.

உட்கருவில் இடம்பெற்றவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. இயங்குதளத்தைக் கணினியில் முதன்முதலாகப் பதிக்கும் நிரலுக்கு நிறுவி என்று பெயர். டெபியன் என்னும் இயங்குதளத்தின் நிறுவி, சிறிய அளவில் அமைய வேண்டும் என்பதற்காக, இயக்கிகளைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்துத் தேவையானவற்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. ஆதலால், உட்கருவில் உள்ள இயக்கி நிறுவியின் பொதியில் இல்லாமற்போவதும் உண்டு. அத்தகைய நிலையில், குறிப்பிட்ட இயக்கியை நிறுவியின் பொதியில் சேர்க்குமாறு தனியே வேண்டுகோள் விடுக்க வேண்டும். நிறுவிய பட்டறிவை, நிறைவேறியதோ தடைபட்டதோ, அறிக்கையாக அனுப்புமாறு டெபியன் தன் பயனர்களைக் கேட்டுக்கொள்கிறது.

தயாரிப்பாளர் தம் கருவியின் செயல்முறையை வெளியிட மறுத்தால் பணி கடினமாகிறது. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்கு இயக்கி எழுதியவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு, இருக்கும் இயக்கியைப் பகுத்தாய்ந்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை விளக்கமாக எழுதியது. அவ்விளக்கத்தை மட்டுமே படித்து, மற்றொரு குழு புதிய இயக்கியை எழுதியது. பிறர் நிரலைப் படியெடுத்தனர் என்னும் பழி நேராதிருக்க இம்முறை பின்பற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டு அவ்வியக்கி லினக்சு உட்கருவில் இடம்பெற்றது. அவ்வளவு உழைத்தும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைபொருளுக்கு அவர்கள் தயாரிப்பாளரின் கோப்பையே நாட வேண்டியிருந்தது. இயக்கி திறந்தது, நிலைபொருள் மூடியே இருந்தது.

டெபியனின் வாக்குறுதி

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் உடைமையாகவும் அமையாமல், தன்னார்வலர்களின் கூட்டுழைப்பால் அது வளர்ந்தது. 1997ஆம் ஆண்டு, டெபியன் தன் பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் உலகிற்கும் சமூக ஒப்பந்தம் என்னும் பெயரில் ஒரு வாக்குறுதியை வழங்கியது.

டெபியன் என்றும் முழுமையாகக் கட்டற்றதாகவே இருக்கும் என்பது அவ்வொப்பந்தத்தின் முதற்கூறு. பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே தம் முதன்மை என்பது நான்காம் கூறு. கட்டற்ற தன்மையில்லாத நிரல்களைச் சில பயனர்கள் நாட வேண்டியிருப்பதை உணர்ந்து, அவற்றைத் தனிப்பிரிவில் வைத்து வழங்குவதாகவும், அவை டெபியனின் பகுதியல்ல என்றும் ஐந்தாம் கூறு தெரிவித்தது. எது கட்டற்ற மென்பொருள் என்பதை வரையறுக்கும் நெறிகளும் உடன் வெளியிடப்பட்டன. அடுத்த ஆண்டு உருவான திறந்த மூல வரையறைக்கு அந்நெறிகளே அடிப்படையாயின.

உறுதியாக நின்ற இவ்வாக்குறுதியை நிலைபொருள் சோதித்தது. தயாரிப்பாளர் வழங்கும் நிலைபொருட் கோப்புகளுள் பெரும்பாலானவற்றிற்கு மூல நிரல் இல்லை. அவற்றைக் கற்கவோ திருத்தவோ இயலாது. அவை டெபியனில் இடம்பெறலாமா? 2004, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் இவ்வினாவும் இதனையொட்டிய வினாக்களும் வாக்கெடுப்பிற்கு வந்தன. வெளியீடு தடைபடாதிருக்க அவ்வப்போது விலக்கு அளிக்கப்பட்டது. இறுதியாக, 2011ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 6.0 பதிப்பின் உட்கருவிலிருந்து கட்டற்றதல்லாத நிலைபொருட்கள் அனைத்தும் நீக்கப்பட்டுத் தனிப்பிரிவிற்கு மாற்றப்பட்டன. வாக்குறுதி எழுத்துப் பிசகாமல் காக்கப்பட்டது.

பெட்டிக்குள் சிக்கிய சாவி

காத்தலின் விலை சிறிதுசிறிதாக வெளிப்பட்டது. நிறுவி பெரும்பாலான பொதிகளை இணையத்தின் வழியே பெறுகிறது. இணையத்தை அடைய வைஃபை அட்டை இயங்க வேண்டும். அட்டை இயங்க நிலைபொருள் வேண்டும். நிலைபொருளோ இணையத்தில் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதைப் போன்ற நிலை இது. மடிக்கணினிகளில் கம்பிவழி இணைப்புக்கான துளை அருகிவந்தபோது, மாற்றுவழியும் அடைபட்டது.

இதனைத் தீர்க்க நிலைபொருள் அடங்கிய நிறுவி ஒன்றும் தனியே உருவாக்கப்பட்டது. ஆனால், அஃது அதிகாரமுறையற்றது என்னும் குறிப்போடு, எளிதில் கண்ணில் படாத இடத்தில் வைக்கப்பட்டது. புதிதாக வருவோர் முகப்பில் இருந்த அதிகாரமுறை நிறுவியையே எடுத்தனர். அது தம் கணினியில் இயங்காததைக் கண்டு, டெபியனே இயங்காது என முடிவுசெய்து விலகினர். பட்டறிவுடையோர், மறைவாக இருந்த மற்றொன்றைத் தேடி எடுக்குமாறு அவர்களுக்கு வழிகாட்டினர். ஒரே பணிக்காக இருவகை நிறுவிகளை உருவாக்கிச் சோதிக்கும் சுமை தன்னார்வலர்கள்மேல் விழுந்தது. அதிகாரமுறையாக வழங்கும் ஒன்றைப் பயன்படுத்த வேண்டாம் எனத் தாமே அறிவுறுத்தும் நிலைக்கு அவர்கள் ஆளாயினர்.

கேளாத குரல்

எல்லாவற்றினும் கூர்மையான வினா, பார்வைத்திறன் குறைந்தோரிடமிருந்து எழுந்தது. டெபியன் நிறுவியில் அவர்களுக்கென ஓர் ஏற்பாடு உண்டு. தொடக்கப் பட்டியலில் ஒரு விசையை அழுத்தினால், திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் நிறுவி உரக்கப் படிக்கும். பார்வையற்ற ஒருவர், பிறர் துணையின்றித் தம் கணினியில் இயங்குதளத்தைத் தாமே பதித்துக்கொள்ள அக்குரல் உதவியது. பிரெய்ல் எழுத்தைக் காட்டும் கருவிகளையும் அந்நிறுவி அறியும்.

அண்மைக்கால மடிக்கணினிகள் சிலவற்றில், ஒலிச்சில்லும் நிலைபொருள் இன்றி இயங்காததாயிற்று. விளைவு என்ன? நிறுவி பேசுகிறது; ஆனால் ஒலி எழுவதில்லை. நிலைபொருள் இல்லை என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது; அதனைப் படிக்க வேண்டியவர் பார்வையற்றவர். பார்வையுள்ளவருக்கு இஃது ஒரு தொல்லை, பார்வையற்றவருக்கோ முழுத்தடை. ‘பயனர்களும் கட்டற்ற மென்பொருளும்’ என ஒரே தொடரில் இணைத்துக் கூறப்பட்ட இரு முதன்மைகளும் இங்கு எதிரெதிரே நின்றன.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மூல நிரல் வெளியிடப்படாத கோப்பைத் தானே முன்வந்து வழங்கினால், நிறுவனங்கள் தம் நிரலைத் திறக்க வேண்டிய தேவை குறைந்துவிடும். கருவிக்குள் ஓடும் நிரலில் பிழையோ தீங்கோ இருந்தால் அதனைக் காண்பதற்கு வழியில்லை. ஒருமுறை நெகிழ்ந்த கொள்கை மறுமுறையும் நெகிழும். டெபியனை டெபியனாக ஆக்கியதே அவ்வாக்குறுதி எனில், அதனைத் தளர்த்தியபின் எஞ்சுவது யாது என அவர்கள் வினவினர்.

இதற்கு மறுமொழியும் எழுந்தது. கருவிக்குள்ளேயே நிலைபொருள் பதிக்கப்பட்டிருந்த காலத்திலும் அது மூடிய நிரலாகவே இருந்தது. எனினும் எவரும் அக்கருவியை மறுக்கவில்லை. கோப்பாக வெளியே வந்ததால் அதன் தன்மை மாறிவிடவில்லை. மூடிய நிரல் கண்ணுக்குப் புலனாகியது, அவ்வளவே. நிலைபொருளை நிறுவியிலிருந்து நீக்கியதால் அது கணினியிலிருந்து நீங்கவில்லை, பயனரே நீங்கினார்.

வரிசைப்படுத்தி வாக்களித்தல்

2022ஆம் ஆண்டு இவ்வினா மீண்டும் பொதுமன்றத்திற்கு வந்தது. நிலைபொருள் அடங்கிய ஒரே நிறுவியை வழங்குதல், இருவகை நிறுவிகளையும் அருகருகே வைத்து வழங்குதல், கட்டற்றதல்லாத நிரல் அடங்கிய நிறுவி டெபியனின் பகுதியன்று என அறிவித்தல், சமூக ஒப்பந்தத்தையே வெளிப்படையாகத் திருத்துதல் எனப் பல முன்மொழிவுகள் எழுந்தன.

டெபியனின் வாக்கெடுப்பு முறை தனித்தன்மை உடையது. வாக்களிப்போர் ஒரு முன்மொழிவை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாவற்றையும் தம் விருப்பப்படி முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்துகின்றனர். பின்னர் ஒவ்வொரு முன்மொழிவும் மற்ற ஒவ்வொன்றோடும் இணையிணையாக ஒப்பிடப்படுகிறது. எதிரெதிர் முனைகளில் நிற்போரும் இரண்டாம் நிலையில் எதனை ஏற்பர் என்பது இதனால் வெளிப்படுகிறது. ‘இவற்றுள் எதுவுமில்லை’ என்பதும் வரிசையில் இடம்பெறும். சமூக ஒப்பந்தம் அடிப்படை ஆவணம் ஆதலால், அதனைத் திருத்தும் முன்மொழிவு அந்த இறுதி வாய்ப்பைக் காட்டிலும் மூன்றுக்கு ஒன்று என்னும் அளவில் முந்த வேண்டும்.

அக்டோபர் தொடக்கத்தில் முடிவு வெளியாயிற்று. சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, நிலைபொருள் அடங்கிய ஒரே நிறுவியை வழங்கும் முன்மொழிவு வென்றது. ஒப்பந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் புதுப்பொருள் கற்பிக்கும் எளிய வழியும் வாக்காளர்முன் இருந்தது. அதனைக் காட்டிலும், சொல்லை வெளிப்படையாகத் திருத்தும் கடினமான வழியே முன்னின்றது. டெபியனின் பகுதியல்லாத நிலைபொருள், அதனை வேண்டும் வன்பொருள்களில் டெபியன் இயங்கும்பொருட்டு, அதிகாரமுறை நிறுவியில் இடம்பெறலாம் என்னும் கருத்தமைந்த ஒரு தொடர் ஐந்தாம் கூறில் சேர்ந்தது. முதற்கூறு மாறவில்லை.

திறந்த வாசல்

2023 ஜூன் 10ஆம் நாள் டெபியன் 12 வெளிவந்தது. நிலைபொருட்களுக்கென்றே புதிய தனிப்பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. நிலைபொருளை மட்டும் வேண்டுவோர், கட்டற்றதல்லாத பிற மென்பொருள்களுக்கும் சேர்த்து வாசல் திறக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது. நிறுவி வன்பொருளை ஆராய்ந்து, தேவைப்படும் நிலைபொருளை மட்டுமே ஏற்றுகிறது. வேண்டாம் எனக் கருதுவோர், தொடக்கத்திலேயே ஒரு கட்டளையால் அதனைத் தடுத்துவிடலாம்.

இம்முடிவை அனைவரும் ஏற்றனர் என்று கூற இயலாது. மூடிய நிலைபொருள் எதனையும் ஏற்காத இயங்குதளங்கள் இன்றும் உள்ளன. அவற்றை உருவாக்குவோர், தமக்குப் பொருந்தும் வன்பொருளைத் தேடி வாங்குகின்றனர், எஞ்சியவற்றைத் துறக்கின்றனர். அவர்களது உறுதியே நிறுவனங்களை நிரலைத் திறக்குமாறு தொடர்ந்து வற்புறுத்துகிறது. வாசலைத் திறந்தோரும் வாக்குறுதியைக் காத்து நிற்போரும் விரும்புவது ஒன்றையே: ஒருவர் கையில் இருக்கும் கருவி முழுமையாக அவருக்கே உரியதாக வேண்டும் என்பது.

டெபியன் தன் குறையை மறைக்கவில்லை. ‘இது கட்டற்றதன்று; எனினும் இதனை வழங்குகிறோம்; காரணம் இது’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தது. கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே விலகல் நேரும்போது அதனை மூடி மறைப்பவர் உண்டு. கொள்கையையே கைவிடுபவரும் உண்டு. விலகலை அளந்து, பெயரிட்டு, அனைவரும் காணுமாறு வைத்தல் மூன்றாவது வழியாகும். இன்று பார்வையற்ற ஒருவர் புதிய மடிக்கணினியில் அந்நிறுவியைத் தொடங்கி, ஒரு விசையை அழுத்துகிறார். ஒலிச்சில்லு உயிர்பெறுகிறது, நிறுவியின் குரல் முதல் வினாவைக் கேட்கிறது. அவர் விடையளித்து உள்ளே நுழைகிறார்.

தெரிந்து தெளிவோம்

டெபியன் நிறுவி பல மொழிகளில் பயனரோடு உரையாடுகிறது. அதன் வரைகலை நிறுவியின் மொழிப்பட்டியலில் தமிழும் இடம்பெற்றுள்ளது. தமிழைத் தெரிவுசெய்வோர், நிறுவியின் வினாக்களைத் தமிழிலேயே படித்து இயங்குதளத்தைப் பதித்துக்கொள்ளலாம். இயக்கி வன்பொருளுக்கு வாசல் திறப்பதுபோல, மொழியாக்கம் மனிதர்க்கு வாசல் திறக்கிறது.

கலைச்சொல் அறிவோம்

இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
உட்கரு – கெர்னல்
இயக்கி – டிரைவர்
நிலைபொருள் – ஃபர்ம்வேர்
நிறுவி – இன்ஸ்டாலர்
மூல நிரல் – சோர்ஸ் கோட்
பொதி – பேக்கேஜ்

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினி ஒன்றின் வலையமைப்பு அட்டை, ஒலிச்சில்லு ஆகியவற்றின் தயாரிப்பாளர் எண், கருவி எண் ஆகியவற்றை ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து பட்டியலிடுக.

2. இயங்காத கருவி ஒன்றைப் பற்றித் தொலைவில் உள்ள நிரலாளர் ஒருவருக்குத் தெளிவான முறையீட்டு அறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதுக.

3. ‘கொள்கையைக் காப்பதா, பயனரைக் காப்பதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. இயக்கியின் பணி யாது?
2. உட்கருவில் உள்ள இயக்கி, நிறுவியில் இல்லாமற்போவது ஏன்?

சிறுவினா

1. ‘பெட்டிக்குள் சிக்கிய சாவி’ – இத்தொடர் உணர்த்தும் இக்கட்டினை விளக்குக.
2. டெபியன் பின்பற்றும் வாக்கெடுப்பு முறையின் சிறப்பினை எழுதுக.

நெடுவினா

1. நிலைபொருளை நிறுவியில் சேர்ப்பது குறித்து எழுந்த இருதரப்பு வாதங்களையும் தொகுத்துரைத்து, உம் கருத்தினைக் காரணத்துடன் நிறுவுக.